அவள் சொன்னதும் நான் எழுதியதும்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஏப்ரல் மாதம். மதுரையில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் செல்லூரில் குடியிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. பரீட்சை நாட்களில் எங்களை வேறு வேறு பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராகப் போடுவார்கள். அந்த வருடம் எனக்குக் கிடைத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பள்ளி. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஜனவரியிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் ஹாலில் உட்காரவைத்து, கூடுதல் மார்க் வாங்குவது எப்படி என்று இரண்டு மணி நேரம் வகுப்பு எடுப்பவள் நான்தான். கேள்வித்தாளை முதலில் முழுசாகப் படி. தெரிந்ததை முதலில் எழுது. முக்கியமான வார்த்தைக்கு அடிக்கோடு போடு. ஏழு மார்க் கேள்விக்கு மூன்று வரி எழுதிவிட்டு எழுந்து போகாதே. கடைசிப் பதினைந்து நிமிடம் எழுதியதையெல்லாம் ஒருதரம் திரும்பப் படி. இப்படி நிறைய. பக்கத்துப் பள்ளிகளிலிருந்துகூட என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் பத்தாவது எழுதிய வருடம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாப் பாடத்தையும் ஒப்பிக்க வைத்தேன். அவள் நல்ல மார்க் வாங்கியதும், இந்த மார்க் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது.

அறிவியல் பரீட்சை அன்று காலையில் முதன்மைக் கண்காணிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பார்வையில்லாத மாணவி ஒருத்தி எழுதுகிறாள், அவளுக்கு இதுவரை ஸ்கிரைப்பாக இருந்த டீச்சருக்கு உடம்பு முடியவில்லை, மிச்சமிருக்கும் இரண்டு பரீட்சைக்கும் நீங்கள் உட்காருங்கள் என்றார். ஸ்கிரைப் என்றால், மாணவி வாயால் பதில் சொல்ல, அதைக் கேட்டு விடைத்தாளில் எழுதித் தருகிறவர். அந்தப் பாடம் நடத்துகிற ஆசிரியரை அந்த வேலைக்குப் போடமாட்டார்கள். நான் தமிழ் என்பதால் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் சரியாகப் பொருந்தினேன்.

கீழ்த்தளத்தில் கடைசி அறை. வாசல் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பிள்ளை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. அவளைக் கொண்டுவந்து விட்ட அம்மா வாசலிலேயே நின்றார். அலங்காநல்லூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊர், அங்கிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்து வருகிறார்களாம்.

"பிறவியிலேயே கண்ணு தெரியாதுங்க டீச்சர். ஆனா எம்புட்டு பெரிய பாடம்னாலும் ரெண்டு தடவ காதுல விழுந்தாப் போதும், பிடிச்சிருவா" என்றார் அந்த அம்மா.

"யார் வாசிச்சுக் காட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் டீச்சர். காட்டு வேலை முடிஞ்சு வந்து போன்ல வாசிச்சுப் பதிஞ்சு குடுத்திருவேன். நான் எட்டாவதுதான். பாதிக்கு மேல எனக்கு அர்த்தம் தெரியாது. எழுத்துக் கூட்டி அப்படியே வாசிச்சிருவேன். அர்த்தம் அவ பாத்துக்கிருவா."

எனக்கு மனசு இளகிவிட்டது. இந்தப் பிள்ளைக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். ஆனதைச் செய்வது என்றால், அவள் சொல்வதைச் சொன்னபடி எழுதுவது மட்டும்தான். எனக்கு அது போதவில்லை.

கேள்வித்தாள் வந்தது. அந்தப் பெண் முதலில் எல்லாக் கேள்வியையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தரம் வாசிக்கும்போது ஒவ்வொன்றுக்கும், "இது எழுதுவோம்", "இது வேணாம்", "இது கடைசியில" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஹாலில் இரண்டு மணி நேரம் கத்தியும் எங்கள் பிள்ளைகள் செய்யாத வேலை. அவள் பாட்டுக்குச் செய்தாள்.

ஒரு மதிப்பெண் கேள்விகளில் ஒன்று, கிலோவாட் மணி என்பது எதனுடைய அலகு என்று. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மின்திறன். சந்தேகமாத்தான் இருக்கு டீச்சர், பரவால்ல, அதையே போடுங்க" என்றாள். என் மகள் ஒப்பித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மின் ஆற்றல்தான் விடை. ஒரு மார்க்தானே, கண் தெரியாத பிள்ளை, என்ன ஆகிவிடப் போகிறது என்று மின் ஆற்றல் என்றே எழுதினேன்.  சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

முதல் தடவைதான் ஏதோ செய்வது போல இருந்தது. அடுத்த தடவைக்கு யோசனையே வரவில்லை. மழைநீர் சேகரிப்பின் பயன்களைக் கேட்ட இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அவள் ஒரே ஒரு பயனைச் சொல்லி, "இம்புட்டுத்தான் ஞாபகம் வருது" என்றாள். நான் அடியில் இன்னொரு வரியை நானாகவே சேர்த்தேன்.

பிறகு ஏழு மதிப்பெண் கேள்வி வந்தது. இதயத்தில் இரத்தம் சுற்றி வருவதைப் பற்றி. அதை அவள் சொன்ன அழகை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. தன் விரலால் பெஞ்சின் மேல் கோடு போட்டுக்கொண்டே, எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொரு அறையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆக்சிஜன் இல்லாத இரத்தம் வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போகிறது என்றாள். அங்கே ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு நுரையீரல் சிரை வழியாக இடது ஏட்ரியத்துக்கு வருகிறது என்றாள்.

நான் பேனாவை நிறுத்தினேன். தமனி என்றால் நல்ல இரத்தம், சிரை என்றால் கெட்ட இரத்தம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மண்டையில் ஏறியது அதுதான். பாவம், பிள்ளை தலைகீழாகச் சொல்கிறது என்று நினைத்தேன். அவளுடைய அம்மா அர்த்தம் தெரியாமல் வாசித்ததாகச் சொன்னாரே, அதில்தான் குழம்பியிருக்கும் என்றுகூடத் தோன்றியது. தமனி என்று அவள் சொன்ன இடத்தில் சிரை என்றும், சிரை என்று சொன்ன இடத்தில் தமனி என்றும் எழுதினேன். அந்த வார்த்தைகளுக்கு அடிக்கோடும் போட்டேன்.

பார்வையில்லாதவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. எல்லாம் எழுதி முடித்தபோது இன்னும் அரை மணி நேரம் மிச்சமிருந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, "இப்ப முதல்ல இருந்து வாசிங்க டீச்சர்" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. திரும்ப வாசிக்கச் சொல்வாள் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

வாசிக்க ஆரம்பித்தேன். கிலோவாட் மணி வந்தது. தாளில் மின் ஆற்றல் என்று என் கையெழுத்தில் இருந்தது. வாயால் மின்திறன் என்று வாசித்தேன். மழைநீர் கேள்வியில் நான் சேர்த்த வரியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன். இரத்த ஓட்டத்துக்கு வந்தபோது, தாளில் சிரை என்று கண் பார்க்கிறது, தமனி என்று வாய் சொல்கிறது. ஒரு ஏழெட்டு வரியை அப்படி மாற்றி மாற்றி, ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசித்தேன். இருபது வருடம் வகுப்பில் வாசித்துப் பழகிய குரல் எனக்கு.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பதில் முடிந்ததும், "நுரையீரல் தமனின்னுதானே எழுதிருக்கீங்க டீச்சர்? நெறைய பேரு அந்த எடத்துலதான் மாத்தி எழுதிருவாங்கன்னு எங்க சயின்ஸ் டீச்சர் சொல்லுவாங்க" என்றாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் கையில் இருந்தது. ஒரு கோடு அடித்துவிட்டு மேலே எழுதினால் முடிந்தது. உறைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். லேசாக ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் இப்போது திருத்தினால் பேனா ஓடும் சத்தம் கேட்கும், ஏன் டீச்சர் என்று கேட்பாள், நான் இதுவரை செய்ததெல்லாம் வெளியே வரும். அதனால், "ஆமாம்மா, அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்று சிரித்தாள். விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அன்று மதியம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வேறு பள்ளி அறிவியல் டீச்சர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டு வந்தார். ஏழு மார்க்கில் இரத்த ஓட்டம் கேட்டது பிள்ளைகளுக்கு நல்லது என்றார். மற்ற தமனியெல்லாம் ஆக்சிஜன் உள்ள இரத்தத்தைக் கொண்டுபோகும், நுரையீரல் தமனி மட்டும்தான் விதிவிலக்கு, அந்த ஒரு இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் முழு மார்க்கும் வாங்கலாம் என்றார்.

 குனிந்து, "மேடம், நுரையீரல் தமனியில ஆக்சிஜன் இல்லாத ரத்தமா?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர். இதயத்துல இருந்து வெளிய போறது எல்லாம் தமனி. அம்புட்டுத்தான் கணக்கு. ரத்தம் நல்லதா கெட்டதாங்கறது வேற விஷயம்" என்றார்.

பெஞ்சின் மேல் அந்தப் பெண் விரலால் போட்ட கோடு எனக்கு அப்படியே கண்ணில் வந்து நின்றது. அவள் இதயத்தைப் புரிந்துவைத்திருந்தாள். நான் இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்திருந்தேன். எங்கள் இருவரில் பேனா என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த பரீட்சைக்கு நடுவில் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் நான் நானாக இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முதன்மைக் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு நேரம் தோன்றும். ஸ்கிரைப் விடையை மாற்றினார் என்று எழுத்தில் போனால் அந்தப் பிள்ளையின் தாளையே நிறுத்திவைப்பார்கள், ஒன்றும் செய்யாத அவள் மறுபடியும் பரீட்சை எழுத வேண்டி வரும் என்று அடுத்த நிமிடம் தோன்றும். அது உண்மைதான். ஆனால் என் வேலைக்கு என்ன ஆகும் என்ற பயமும் அதற்குள்ளேயே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டதில் அவளுக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

சமூக அறிவியல் பரீட்சைக்குப் போனேன். அன்றைக்கு அவள் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதினேன். ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னாள். தப்பு என்று எனக்குத் தெரியும். தப்பாகவே எழுதினேன்.

"இன்னைக்கு ரொம்ப மெதுவா எழுதுறீங்க டீச்சர். கை வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நீ சொல்லு."

கடைசியில் திரும்ப வாசித்தேன். இந்தத் தடவை தாளில் இருந்ததை. அவள் ஒவ்வொரு பதிலையும் கேட்டுக்கொண்டே வந்து, மூன்று இடத்தில் நிறுத்தினாள். அந்த வருடத்தைக் கேட்டதும், "இல்லையே, தப்பா சொல்லிட்டேன் போல" என்று அவளே சரியான வருடத்தைச் சொன்னாள். இன்னொரு கேள்விக்கு விட்டுப்போன காரணம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். வேறொன்றில் இரண்டு வரியை இடம் மாற்றினாள். அத்தனையும் மார்க். தன் பதில் தன் காதில் விழும்போதுதான் அவளுக்குத் தப்பு தட்டுப்படுகிறது. பரீட்சையில் அவள் தாளைப் பார்க்கிற ஒரே நேரம் அதுதான். அறிவியல் பரீட்சையிலும் தாளில் இருந்ததை வாசித்திருந்தால், நான் மாற்றிய தமனியையும் சிரையையும் அவளே கண்டுபிடித்திருப்பாள். தாளில் இல்லாத ஒன்றை வாசித்துக் காட்டி அந்த நேரத்தைக் கெடுத்தவள் நான்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தோம். அவளுடைய அம்மா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. நிறைய கத்திரிக்காயும் வெண்டைக்காயும்.

"நம்ம காட்டுல காய்ச்சது டீச்சர். காலையில பறிச்சோம். பிள்ளைக்கு நீங்க எழுதினதுக்கு வேற என்ன செய்ய எங்களால?" என்று பையை நீட்டினார்.

எனக்குக் கை நீளவில்லை. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட என்னால் முடியாது என்று தெரிந்துபோனது. நல்ல எண்ணம் வந்து உண்மையைச் சொன்னேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அந்தப் பையை வாங்க முடியாததால்தான் சொன்னேன்.

"பாப்பா, அறிவியல் பரீட்சையில நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். இரத்த ஓட்டத்தைச் சொன்னேன்.

அவள் முகம் என் குரல் வரும் பக்கமாகத் திரும்பி இருந்தது.  "வாசிச்சுக் காமிச்சீங்களே டீச்சர்" என்றாள்.

"ஆமா."

"நான் சொன்னபடியேதான வாசிச்சீங்க."

"நீ சொன்னதையே வாசிச்சேன். தாள்ல அப்படி இல்ல."

இதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வார்த்தை இல்லை. நாற்பத்து மூன்று வயது எனக்கு. ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முன்னால் நின்றுகொண்டு, உனக்குக் கண் தெரியாது என்கிற தைரியத்தில் பொய் வாசித்தேன் என்று சொல்கிறேன். அந்த வார்த்தைகளை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

"வேற எங்கயும் மாத்துனீங்களா?"

மற்ற இரண்டையும் சொன்னேன். அவை சரியான விடைகள்தான் என்பதையும், ஏதோ அதில் எனக்குக் கொஞ்சம் மன்னிப்புக் கிடைக்கும் என்பது போலச் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப அந்த மார்க்க நான் என்ன செய்யிறது?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டது போலத்தான் இருந்தது. 

அவளுடைய அம்மாவுக்கு நாங்கள் பேசியது பாதிதான் புரிந்தது. மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், "என்னத்தா, டீச்சர் எதுவும் தப்பா எழுதிட்டாங்களா? அவசரத்துல வர்றதுதான். மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

"தப்பா எழுதலம்மா. நான் சொன்னத மாத்தி எழுதிருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

 அந்த அம்மா நீட்டியிருந்த பையை மெதுவாகத் தன் பக்கம் எடுத்து, வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாரோம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அவள் அதுவும் சொல்லவில்லை. இருவரும் கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்து போனார்கள்.

ரிசல்ட் வந்த அன்று காலை செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவளுடைய பதிவெண் எனக்கு மனப்பாடம். இரண்டு பரீட்சைக்கு என் கையால் எழுதியது. ஹால் டிக்கெட்டில் பார்த்த பிறந்த தேதியும் நினைவில் இருந்தது. பதிவெண்ணைப் போட்டேன். தேதியைப் போடப் போகும்போது விரல் நின்றுவிட்டது. மறுபடியும் அவளைக் கேட்காமல் அவள் தாளில் கை வைக்கிற வேலைதானே இது என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது. அறிவியல் பரீட்சை அன்று, நேரமாகிவிட்டால் கூப்பிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். பேசியது அந்தப் பெண். மற்றப் பாடங்களில் எல்லாம் எண்பதுக்கு மேல், கணக்கில் தொண்ணூற்று ஒன்று. அறிவியலில் எழுபத்து நான்கு என்றாள்.  திட்டுவதற்குக் கூப்பிட்டிருக்கிறாள், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"கிலோவாட் மணிக்கு மின் ஆற்றல்னு எழுதினேன்னு சொன்னீங்கள்ல டீச்சர், அது ஏன் மின் ஆற்றல்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. மகள் ஒப்பித்ததைக் கேட்டு மனதில் நின்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். "ஏன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"நான் கண்டுபிடிச்சிட்டேன். கிலோவாட்தான் திறன். அத நேரத்தால பெருக்குனா ஆற்றல். மணிங்கறத நான் காதுல வாங்காம விட்டுட்டேன். இனிமே அலகு வந்தா முழுசா ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லணும்" என்றாள். தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. நான் இலவசமாகக் கொடுத்த அந்த ஒரு மார்க்குக்கு உரிய பாடத்தை, ஒரு மாதம் கழித்து அவள் படித்து முடித்திருந்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குக் குழாயடியில் அதைக்கூட நான் சரியாகக் கேட்கவில்லை. அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிளஸ் ஒன் சேர்ந்தாயிற்று என்றாள். அடுத்த பொதுத்தேர்வில் எழுதுகிறவர் தவிர வேறொருவரையும் வைத்து வாசிக்கச் சொல்ல வழி உண்டா என்று மனுக் கொடுத்துக் கேட்கப் போவதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை விட்டுப் போகவே இல்லை.

"இப்பல்லாம் யாரு எதை வாசிச்சாலும், இது தாள்ல இருக்கா, இல்ல இவங்க வாய்ல இருந்து வருதான்னு ஒரு நெனப்பு வருது டீச்சர். எங்கம்மா வாசிச்சாக்கூட. அம்மாகிட்ட இதச் சொல்லல. சொன்னா அழுதுரும்."

போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருடத்திலிருந்து ஜனவரி வகுப்பை வேறொரு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று தலைமையாசிரியர் கேட்டபோது தொண்டை சரியில்லை என்றேன். அதுவும் பொய்தான். ஸ்கிரைப் வேலைக்கு இன்னும் போகிறேன். உட்கார்ந்ததும் முதல் காரியமாக, நீ சொன்னதை மட்டும்தான் எழுதுவேன், நடுவில் எப்போது சந்தேகம் வந்தாலும் வாசலில் இருக்கும் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல் என்று சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகள், எதுக்கு டீச்சர், உங்களை நம்புறோமே என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது.

எழுத்துக் கூட்டிப் பாடம் வாசித்த ஒரு அம்மாவின் குரல் மேல் அவருடைய மகளுக்கே சந்தேகம் வர வைத்தது என்னுடைய இரக்கம்தான் என்பதை நினைக்கும்போது, நான் வாங்கிக் கொடுத்த மார்க், பறித்த மார்க் எல்லாம் மறந்துபோய், அந்தக் கூச்சம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.